வற்றிய கிணற்றின் காவல்காரர்

வெண்ணந்தூரிலிருந்து கிழக்கே முக்கால் மணி நேரம் நடந்தால், போதமலை அடிவாரத்தில் ஒரு தோட்டம் வரும். அங்கே அப்புசாமி என்று ஒருவர் இருந்தார். பத்தொன்பது வருஷம் அந்த மனுஷர் ஒரே ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்கியதில்லை. ஜெயிலில் கிடப்பவனுக்காவது நல்லது கெட்டதுக்கு லீவு கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். இவருக்கு அதுவும் கிடையாது. பழனி பார்த்ததில்லை, மேட்டூர் அணை பார்த்ததில்லை, ஏற்காடு எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் கையைக் காட்டுவார், அவ்வளவுதான். ஊரே திட்டும். அவர் திருப்பித் திட்டுவார்.

எல்லாம் ஒரு கிணற்றால் வந்த வினை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலில் பாகம் பிரித்தார்கள். அப்புசாமிக்கு ஆறு ஏக்கர், அவருடைய பெரியப்பா மகன் ராசப்பனுக்கு ஆறு ஏக்கர். நிலத்தைக் கயிறு பிடித்து அளந்து வெட்டிவிடலாம், கிணற்றை எப்படி வெட்டுவது? ஆகவே கிணறு பொது, மோட்டார் பொது, தண்ணீர் விழுகிற தொட்டியும் பொது. தொட்டியிலிருந்து கிழக்கே போகிற வாய்க்கால் அப்புசாமிக்கு, மேற்கே போவது ராசப்பனுக்கு. ஒருநாள் விட்டு ஒருநாள் முறை. பொழுது கிளம்பும் நேரத்தில் ஒரு மடையை மண்ணை வெட்டிப் போட்டு அடைத்து, அடுத்த மடையைத் திறந்துவிட வேண்டும். பாகம் பிரித்த பெரியவர்கள் அதற்கு ஒரு சட்டமும் எழுதி வைத்தார்கள். மடையைப் பங்காளி கைதான் மாற்ற வேண்டும். பண்ணையாள் தொடக்கூடாது, பெண்டுகள் தொடக்கூடாது, மருமகன் தொடக்கூடாது. மாற்ற ஆள் வராவிட்டால், வரும்வரை தண்ணீர் ஓடுகிற பக்கமே ஓடும். அதற்கு முந்தின வருஷம் பண்ணையாள் ஒருவன் நேரங்கெட்ட நேரத்தில் மடையை மாற்றி, மம்பட்டியால் ஒரு மண்டை உடைந்திருந்தது. அந்தப் பயத்தில் எழுதினார்கள். நல்லதுக்குத்தான் எழுதினார்கள்.

ராசப்பனுக்கு மூன்று மகன்கள். அப்பன் இல்லாவிட்டால் மகன்களில் ஒருவன் மம்பட்டியோடு வந்து நிற்பான். அப்புசாமிக்கு இருந்தது ஒரே மகள், வள்ளியாத்தாள். ஆகவே இவரேதான் நிற்க வேண்டும். சரி, தன் முறையன்றைக்கு நின்றால் போதாதா? போதாதாம். ராசப்பன் முறையன்றைக்கு அவன் பொழுது கிளம்புவதற்கு அரை மணி முன்னாலேயே வந்து மடையை மாற்றிவிட்டால்? அரை மணித் தண்ணீர் போச்சே! ஆகவே தினமும் விடியக் கருக்கலில் எழுந்து, துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு போய்த் தொட்டி ஓரத்தில் நின்றுவிடுவார். வெயில், மழை, காய்ச்சல், தீபாவளி, எதுவும் கணக்கில்லை. மகள் கல்யாணத்தைக்கூட முகூர்த்தம் ராசப்பன் முறையில் விழுகிற மாதிரி பார்த்துத்தான் வைத்தார். மணமேடையில் எல்லாரும் காத்திருக்க, இவர் மம்பட்டியைக் கழுவி வைத்துவிட்டு வந்து தாரை வார்த்தார்.

பங்காளிகள் இருவருக்கும் பேச்சு அறுபத்தைந்திலேயே அறுந்து போயிற்று. சொல்ல வேண்டியது ஏதும் இருந்தால் ராசப்பனின் செவலை நாயைப் பார்த்துச் சொல்வார்கள்.

"பொழுதே கெளம்பல, அதுக்குள்ள மம்பட்டியத் தூக்கிக்கிட்டு வந்தாச்சாமா" என்று அப்புசாமி நாயிடம் சொல்வார்.

"கண்ணு அவிஞ்சவனுக்குப் பொழுது கெளம்புனா என்ன, கெளம்பாட்டி என்ன" என்று ராசப்பன் அதே நாயிடம் சொல்வார்.

பாவம் அந்த நாய், பத்து வருஷம் இருவர் வசவையும் கேட்டுவிட்டுச் செத்தது. அப்புறம் அதன் குட்டியைப் பார்த்துப் பேசினார்கள்.

இதெல்லாம் கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். எழுபத்தேழில் நடந்தது சிரிப்பில்லை. வள்ளியாத்தாளைச் சங்ககிரியில் லாரி ஓட்டுகிற செல்லமுத்துவுக்குக் கொடுத்திருந்தார்கள். கல்யாணம் ஆகி இரண்டாம் வருஷம் அவளுக்கு டைபாய்டு கண்டு, சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் கிடந்தாள். செல்லமுத்து பம்பாய் லோடு ஏற்றிப் போயிருந்தான். தாய் சௌந்திரம் கூடவே இருந்தாள். அப்புசாமி ஒருநாள் மத்தியானம் வந்தார். கட்டிலின் காலடியில் உட்கார்ந்து மகளின் உள்ளங்காலைத் தேய்த்துவிட்டார். பாசம் இல்லாதவர் என்று நான் சொல்ல மாட்டேன். நாலரை மணிக்கு ஜன்னலைப் பார்த்தார். வெயில் இறங்கிவிட்டதைப் பார்த்து எழுந்தார். மகள் அவர் துண்டின் முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும் இருங்கப்பா. எனக்குப் பயமா இருக்குதுங்க."

"நாளைக்கு மொற, சாமி" என்றார் அப்புசாமி.

துண்டை மெதுவாக உருவிக்கொண்டு அஞ்சே கால் பஸ்ஸுக்கு ஓடினார். மறுநாள் பொழுது கிளம்பும்போது தொட்டி ஓரத்தில் நின்றார். வாழைக்குத் தண்ணீர் பாய்ந்தது. அட சண்டாளா என்று சௌந்திரம் மனசுக்குள் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை.

வள்ளியாத்தாள் பிழைத்து எழுந்தாள். ஆனால் அதற்கப்புறம் அப்பனிடம் ஒன்றும் கேட்பதில்லை. இவர் எப்போதாவது சங்ககிரிக்குப் போனால், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, ஒரு சொம்பு தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே, "எந்த பஸ்ஸுக்குப் போறீங்க?" என்று கேட்பாள். நம் முறை மேல் மகளுக்குத்தான் எவ்வளவு அக்கறை என்று இவர் நினைத்துக்கொள்வார். இந்த மண்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வது!

உடம்பு சும்மா விடுமா? எண்பதாம் வருஷத்துக்கு மேல் தலைவலி பிடித்தது. காலையில் பின்மண்டையில் தொடங்கி, பொழுது ஏற ஏற நெற்றிக்கு வரும். தூக்கம் போயிற்று. சோற்றில் உட்கார்ந்தால் எரிந்து விழுவார், தட்டு பறக்கும். ராசிபுரத்தில் ஒரு டாக்டரிடம் சௌந்திரம் இழுத்துக்கொண்டு போனாள்.

"பிரஷர் ஏறிக் கிடக்குது. இப்படியே போனா ஒரு நாளைக்குக் கையி காலு இழுத்துக்கும்" என்றார் டாக்டர். "மாத்திர தாரேன். ஆனா மாத்திர மட்டும் போதாது. ஒரு மாசம் ஊரை விட்டு எங்கியாச்சும் போயி இருங்க. மலைப் பக்கம் போங்க, நல்லா நடங்க, நாலு மரத்தப் பாருங்க. கவலையெல்லாம் இங்கியே உட்டுட்டுப் போங்க."

வெளியே வந்து செருப்பை மாட்டும்போதே அப்புசாமி ஆரம்பித்தார். "மரத்தப் பாக்கோணுமாம்! எந்தோட்டத்துல நிக்கறது மரமில்லாம கம்பமா? ஊரு சுத்துனா நோவு தீருமுன்னு இவனுக்கு எந்தப் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்க?"

மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தார். அதையும் ஒழுங்காகப் போடவில்லை.

எண்பத்திரண்டில் மழை பொய்த்தது. அடுத்த தை மாசத்தில் கிணறு அடிக்குப் போயிற்று. மாசியில் மோட்டார் காற்றை உறிஞ்சியது. அதைக் கழற்றித் துடைத்து மோட்டார் ரூமில் வைத்துவிட்டார்கள். கிணற்றில் தவளைகூட இல்லை. இனிமேலாவது இந்த இரண்டு பேரும் வீட்டில் படுத்துத் தூங்குவார்கள் என்றுதானே எவனும் நினைப்பான்?

தூங்கினால்தானே! விடியக் கருக்கலில் ராசப்பன் பேட்டரி லைட்டை அடித்துக்கொண்டு மேற்கே இருந்து வருவார். அப்புசாமி கிழக்கே இருந்து வருவார். பொழுது கிளம்பும். யார் முறை முடிந்ததோ அவருடைய மடையை அடுத்தவர் கண்ணெதிரே மண்ணை வெட்டி அடைப்பார்கள், இன்னொன்றைத் திறப்பார்கள். சொட்டுத் தண்ணீர் கிடையாது. புழுதி பறக்கும். இரண்டு பேரும் மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போவார்கள். இப்படி ஒரு மாசம் நடந்தது. ஒருநாள் விட்டால் முறை செத்துப் போகும் என்று இரண்டு பேருக்கும் பயம். ஊரில் சிரிக்காத ஆள் இல்லை.

சௌந்திரம் சிரிக்கவில்லை. பட்டியில் இரண்டு எருது, ஒரு பசு, ஒரு கிடேரி. சோளத்தட்டுப் போர் தரையோடு தரையாகிவிட்டது. ஊரில் பாதிப் பேர் மாடுகளைப் போதமலைக்கு ஓட்டிப் போய்விட்டார்கள். பஞ்சம் வந்தால் அந்தப் பக்கத்தில் அதுதான் வழக்கம். மலைமேல் இருப்பவர்கள் ஒரு மூட்டை உப்பும் கொஞ்சம் கருவாடும் வாங்கிக்கொண்டு, மழை வரும்வரை மேய்ச்சலுக்கு இடம் விடுவார்கள். மாட்டுக்காரன் கூடவே தங்கி மேய்த்துக்கொள்ள வேண்டும். பங்குனிக் கடைசியில் கிடேரி படுத்தது, எழ முடியாமல் கத்தியது. அன்றைக்குச் சௌந்திரம் வெடித்தாள்.

"ஏனுங்க, இன்னிக்கு மடை மாத்தியாச்சுங்களா? எவ்வளவு புழுதி பாஞ்சுதுங்க?"

"வாய மூடு."

"மூட மாட்டேன். வாயில்லாத சீவன் சாவுது, நீங்க வத்துன கெணத்துக்குக் காவலு! என்ற அப்பன் செத்தப்ப எடுத்த கையோட ஓடியாந்தீங்க, பொறுத்தேன். பெத்த புள்ள ஆசுப்பத்திரியில கெடந்தப்ப ஓடியாந்தீங்க, பொறுத்தேன். இப்ப என்னத்துக்குங்க? நீங்க இங்கியே நின்னு காவலிருங்க. நானே ஓட்டிக்கிட்டுப் போறேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. உப்பு மூட்டையை எருதின் முதுகில் கட்டினாள், கருவாட்டுக் கூடையைத் தலையில் வைத்தாள், கிடேரியை வாலைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள், நடந்துவிட்டாள். பொம்பளை தனியாக மாடு ஓட்டிக்கொண்டு மலையேறுகிறாள், புருஷன்காரன் வீட்டில் இருக்கிறான் என்று நாளைக்கு நாலு பேர் சொல்வார்களே! அந்த ரோஷம்தான் அப்புசாமியைக் கிளப்பியது. மகள் கண்ணீருக்கு அசையாதவர் ஊர் வாய்க்கு அசைந்தார். போகும்முன் தொட்டிக்குப் போனார். ராசப்பன் அங்கே பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அப்புசாமி நாயைப் பார்த்தார்.

"ஆளில்லைன்னு எவனாச்சும் மடையில கைய வெச்சான்னா, வந்து கைய ஒடைப்பேன்."

ராசப்பன் காறித் துப்பினார். நாயிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை.

மலையேற மூன்று மணி நேரம். ரோடு என்று ஒன்று கிடையாது, பாறையும் வேரும்தான். வழியெல்லாம் அப்புசாமி வைதுகொண்டே போனார். கல்லை வைதார், முள்ளை வைதார், மலையை அங்கே கொண்டுவந்து வைத்தவனை வைதார். சௌந்திரம் காதில் வாங்காமல் முன்னால் போனாள். மேலே சடையன் என்று ஒரு மலைக்காரர். அவர் சாமைக் காட்டின் ஓரத்தில் ஒரு குடிசையையும் பட்டியையும் காட்டினார். பக்கத்திலேயே பாறை இடுக்கிலிருந்து கட்டைவிரல் கனத்துக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கீழே ஊர் முழுக்க வறண்டு கிடக்க, இங்கே அது பாட்டுக்குக் குழியில் விழுந்து, நிறைந்து, வழிந்து, புல்லுக்குள் போய்க்கொண்டிருந்தது. அப்புசாமி அதையே பார்த்தார். அவருக்கு ஆத்திரம் வந்தது.

"இது யாரு மொறைங்க?"

"எது?" என்றார் சடையன்.

"இந்தத் தண்ணி. இன்னிக்கு யாரு மொற?"

சடையனுக்கு விளங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. விளங்கியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தாகமெடுத்தா குடிங்க கவுண்டரே. இதுக்கென்ன மொற?"

"ஆளுக்காளு இப்பிடி உட்டா வெளங்குமா? எல்லாம் வீணாப் போவுது பாரு" என்று அப்புசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முதல் நாலைந்து நாள் அங்கேயும் அதே கதைதான். இருட்டில் எழுந்து, துண்டைச் சுற்றிக்கொண்டு, ஊற்றுக்குப் பக்கத்தில் போய் நிற்பார். எதற்கு நிற்கிறோம் என்று அவருக்கே தெரியாது. முறைக் கணக்கு தப்பிவிடக் கூடாதென்று குடிசைச் சுவரில் தினமும் ஒரு கரிக்கோடு போட்டார். அங்கிருந்து நாலெட்டு நடந்தால் ஒரு பாறை முனை. அதில் நின்றால் வெண்ணந்தூர்ப் பக்கம் முழுக்கக் காலடியில் தெரியும். தன் தோட்டத்தை இரட்டைப் பனையை வைத்துக் கண்டுபிடித்தார். விடியக் கருக்கலில் பார்த்தால் அந்த இடத்தில் ஒரு சின்ன வெளிச்சம் ஊர்ந்து வரும், கொஞ்ச நேரம் ஒரே இடத்தில் நிற்கும், திரும்பிப் போகும்.

"பாத்தயா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து சௌந்திரத்தை எழுப்பினார். "ராசப்பன் லைட்டு. நானில்லாட்டியும் தெனமும் மடைக்கு வாரான். என்ற மொறையிலயும் வாரான். வத்துன கெணத்துலயே இந்தத் திருட்டுத்தனம்னா, தண்ணி வந்தா என்ன பண்ணுவான்?"

சௌந்திரம் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "நீங்களும் இங்கிருந்து பாத்தா அப்பிடித்தான் தெரிஞ்சிருப்பீங்க. ஒரு மினுக்கட்டாம் பூச்சி."

அவருக்குச் சுரீர் என்றது. மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனார்.

மாடு மேய்ப்பது அங்கே உட்கார்ந்த இடத்து வேலை இல்லை. புல்லைத் தேடி அவை மேடேறும், சரிவிறங்கும், இவர் பின்னாலேயே போக வேண்டும். பொழுதுக்கும் நடை. காட்டு மாமரம், பலா, கடுக்காய், பேர் தெரியாத மரம் ஆயிரம். முதலில் மாட்டைத் திட்டிக்கொண்டு நடந்தார். திட்டினால் கேட்க அங்கே ஆள் இல்லை. வாய் வலித்தது, விட்டுவிட்டார். பத்தாம் நாள் போலச் சடையனிடம் ஒரு மரத்தின் பேரைக் கேட்டார். மறுநாள் ரெண்டு மரம். சாமைச் சோற்றை மூன்று தரம் வாங்கித் தின்றார். ராத்திரி படுத்தால் உடம்பு பாயில் ஒட்டிக்கொண்டது.

ஒருநாள் கண் விழித்தால் முகத்தில் வெயில். பதறி எழுந்தார். பொழுது ஒரு பனை உயரம் ஏறியிருந்தது.

"ஏ சௌந்திரம்! ஏன் என்னைய எழுப்பல?"

"எதுக்குங்க எழுப்போணும்?"

அவர் அப்படியே பாயில் உட்கார்ந்து பின்மண்டையைத் தடவினார். வலி இல்லை. நாலு நாளாகவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சுவரைப் பார்த்தார், கரிக்கோடு போட்டு எத்தனை நாளாயிற்று என்று தெரியவில்லை. சந்தோஷப்பட வேண்டியதுதானே? அதுதான் இல்லை. யாரோ தன் மடியிலிருந்து எதையோ அவிழ்த்துக்கொண்டு போய்விட்ட மாதிரி அன்றெல்லாம் சௌந்திரத்தின் மேல் எரிந்து விழுந்தார். சந்தைக்குப் போய் வந்த ஒருவனிடம் தேதி கேட்டு, கோடுகளைச் சரி செய்த பிறகுதான் அடங்கினார்.

சித்திரை நடுவில் ஒருநாள் சாயங்காலம் சௌந்திரத்தைப் பாறை முனைக்குக் கூட்டிப் போனார். அவளாகக் கேட்கவில்லை, இவராகத்தான் கூட்டிப் போனார். அப்படி ஒன்று முப்பது வருஷத்தில் முதல் தடவை. வானம் தெளிவாக இருந்தது. மேற்கே வெகு தூரத்தில் மங்கலாக ஒரு மலை.

"அதுதான் சங்ககிரி மலையின்னு சடையன் சொல்றான்" என்றார்.

சௌந்திரம் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். "வள்ளியா அதுக்குக் கீழதான இருக்கறா."

"ம். புத்திசாலிப் புள்ள. போனதீமே எந்த பஸ்ஸுன்னு கேப்பா. என்ற கஷ்டம் அவளுக்குத் தெரியுது."

சௌந்திரம் அவரைத் திரும்பிப் பார்த்தாள். ஆறு வருஷமாக அடக்கி வைத்ததை அந்தப் பாறையில் கொட்டினாள். "அக்கறையிலயா கேக்கறா? நெசமாலுமே அப்பிடித்தான் நெனச்சுக்கிட்டு இருக்கறீங்களா? நீங்க போகப் போறீங்கன்னு தெரிஞ்சதீமே மனசக் கல்லாக்கிக்கறா. அன்னிக்கு நீங்க துண்ட உருவிக்கிட்டுப் போனீங்களே, ராத்திரி முழுக்க அந்தக் கைய மூடவே இல்லீங்க. அப்பிடியே விரிச்சு வெச்சுக்கிட்டுக் கெடந்தா. காலையில 'அம்மா, இனி அவரக் கேக்க மாட்டேன்'னா. அவ கேக்கறது கேள்வியில்லீங்க, செருப்படி. உங்குளுக்கு ஒறைக்கல."

"பொய் சொல்றே" என்றார் அப்புசாமி.

"சரி, பொய்யாவே இருக்கட்டும்" என்று அவள் எழுந்து போய்விட்டாள்.

அன்றைக்கு அவர் சோறு தின்னவில்லை. இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்து மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் தப்புச் செய்தாள், மனைவி மூட்டிவிட்டாள், ராசப்பன் யோக்கியனாக இருந்தால் இதெல்லாம் வந்திருக்குமா என்று ஒவ்வொருவராக வைதார். கடைசியில் ராசப்பனில் வந்து நின்றார். அவன் திருடன். அவன் திருடனாக இருந்ததால்தான் நான் அன்றைக்கு ஓட வேண்டி வந்தது. அந்த ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட பிறகுதான் மூச்சு வந்தது.

வைகாசி பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது கோடை மழை பிடித்துக்கொண்டது. மலையே கரைந்துவிடும் போல ஒரு ராத்திரி முழுக்கக் கொட்டியது. ஓடைகள் காட்டுத்தனமாக இறங்கின. ரெண்டு நாள் யாரும் கீழே இறங்க முடியவில்லை. அடிவாரக் கிணறு இந்நேரம் ரெண்டு ஆள் மட்டத்துக்காவது ஏறியிருக்கும் என்று அப்புசாமிக்குக் கணக்குத் தெரியும். கூண்டில் அடைத்த மாதிரி குறுக்கும் நெடுக்கும் நடந்தார். மூன்றாம் நாள் மத்தியானம் தடியை எடுத்தார்.

"போகாதீங்க" என்றாள் சௌந்திரம். "பயிரா இருக்குது நம்ம காட்டுல? பத்துத் தென்னங்கன்னு. இப்பத்தான் மனுசனாட்டத் தூங்கறீங்க. போனீங்கன்னா பழையபடி அங்கியே நட்டுக்குவீங்க."

"நாளைக்கு என்ற மொற. அவனக் கையுங்களவுமாப் புடிக்கறேன்."

"நான் வரல."

"வராட்டி இரு!"

பாதி மலை இறங்கும்போதே பின்மண்டையில் விண்விண் என்று தொடங்கிவிட்டது. இருட்டியதும் வீட்டுக்குள் நுழைந்தார், விளக்குப் போடாமல் படுத்தார், தூங்கவில்லை. விடியக் கருக்கலில் தடியோடு போய் மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். மோட்டாரை மறுபடி மாட்டியிருந்தார்கள். தண்ணீர் மேற்கே, ராசப்பன் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. நேற்று அவன் முறை, சரி. இன்றைக்குப் பொழுது கிளம்பிய பிறகும் ஓடட்டும், தெரியும் சேதி.

பேட்டரி லைட் வந்தது. ராசப்பன் தொட்டி ஓரத்தில் குத்த வைத்து, கிழக்கே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். பொழுது தலையைக் காட்டியது. அந்தக் கணமே எழுந்தார், தன் மடையை நாலு வெட்டு வெட்டி அடைத்தார், அப்புசாமியின் மடையைத் திறந்தார். தண்ணீர் கிழக்கே திரும்பி, ஆளில்லாத காட்டுக்குள் ஓடியது. தென்னங்கன்றுகளுக்குப் புதிதாகப் பாத்தி கட்டியிருந்தது.

அப்புசாமி மறைவிலிருந்து வெளியே வந்தார். கையில் தடி.

ராசப்பன் தடியைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். "ஓகோ. திருடனப் புடிக்க ஒளிஞ்சிருந்தயாக்கும்?" பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு நேருக்கு நேர் பேச்சு. நாய் குழம்பிப்போய் இரண்டு பேரையும் பார்த்தது.

"என்ற மொறையில நீ எதுக்கு மடையில கைய வெச்சே?"

"உன்ற பக்கந்தாண்டா திருப்பி உட்டிருக்கறேன், குருட்டுப்பயலே."

"எதுக்கு?"

"உன்ற மொற, அதுக்கு. பங்காளி கை மாத்தோணும்னு எழுதியிருக்குது. நான் பங்காளியில்லாம பின்ன யாரு? கெணறு வத்திக் கெடந்தப்பவும் உன்ற நாள் உனக்குத்தான் மாத்தி வெச்சேன். நாளப்பின்ன வந்து என்ற மொற போச்சுன்னு நீ ஒப்பாரி வெக்கக் கூடாதில்ல?"

அப்புசாமி கையிலிருந்த தடியை இறக்கினார். "அப்ப... இத்தன வருசத்துல, நான் ஒரு நாளு வராமப் போயிருந்தா?"

"மாத்தித்தான் உட்டிருப்பேன். உன்ற தண்ணியக் குடிச்சு என்ற வாழை குலை தள்ளோணும்னு எனக்கென்னடா தலையெழுத்து? ஒரு நாளு, ஒரே நாளு நீ வராம இருந்து பாத்தயா? தெனமும் வந்து மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கிட்டு நின்ன. என்ற மக்க முன்னால, ஊரு முன்னால, பத்தொம்பது வருசம் என்னையத் திருடனாக்கிப் போட்டயேடா, பாவி!" ராசப்பனுக்குக் குரல் உடைந்தது. அது அவருக்கே பிடிக்காமல் மம்பட்டியைத் தரையில் ஓங்கி ஊன்றினார்.

அப்புசாமி தொட்டித் திட்டில் உட்கார்ந்தார். தடி உருண்டு வாய்க்காலில் விழுந்து மிதந்து போயிற்று, எடுக்கவில்லை. இவன் திருடியிருக்கக் கூடாதா? ஒரே ஒரு சால் தண்ணீர் திருடியிருந்தால் போதுமே. அந்த ஆஸ்பத்திரி ராத்திரிக்கு ஒரு நியாயம் இருந்திருக்குமே! இந்தப் பாழாய்ப் போனவன் யோக்கியனாக இருந்து தொலைத்துவிட்டான். அப்படியென்றால் அன்றைக்கு அந்தப் பஸ்ஸுக்கு எதற்கு ஓடினோம்? மன்னிப்புக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை, வரவும் வராது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"நாளன்னிக்கும் என்ற மொற. மாத்தி உடு. நான் சங்ககிரிக்குப் போறேன்."

"எத்தன நாளைக்கு?"

"தெரியல."

"போய்த் தொலை" என்றார் ராசப்பன்.

சங்ககிரிக்குப் போய்ச் சேரும்போது மத்தியானம் மூன்று மணி ஆகிவிட்டது. வள்ளியாத்தாள் வாசலில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கிப் பார்த்தாள். செருப்பை இவர் இன்னும் கழற்றவில்லை.

"எந்த பஸ்ஸுக்குப் போறீங்க?"

அது என்ன கேள்வி என்று இந்தத் தடவை அவருக்குத் தெரிந்தது. கன்னத்தில் வாங்கிக்கொண்டார். "இன்னிக்குப் போகல, சாமி."

"ஏன், நாளைக்கு மொற இல்லீங்களா?"

"நாளைக்கு இல்ல. நாளன்னிக்கு இருக்குது. அதுக்கும் போகல." அவர் துண்டைக் கையில் எடுத்து அதன் முனையைத் திருகினார். "அன்னிக்கு ஆசுப்பத்திரியில... நான் இருந்திருக்கோணும்."

"ஆறு வருசமாச்சுங்க" என்றாள் அவள். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பாத்திரங்கள் மோதுகிற சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. உள்ளே வா என்று சொல்லவில்லை. அப்புசாமி வாசல்படியிலேயே உட்கார்ந்தார். அஞ்சே கால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு மெயின் ரோட்டில் போனது. உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அவள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். ஆள் அங்கேயே இருந்தார்.

ஒரு பாய் வந்து அவர் பக்கத்தில் தொப்பென்று விழுந்தது.

"பாயிதான் இருக்குது. தலவாணியெல்லாம் இல்ல."

"வேண்டாம், சாமி" என்றார் அவர்.

மறுநாள் பொழுது நன்றாக ஏறிவிட்டது. தண்ணீர்க் குடத்தோடு போன பக்கத்து வீட்டுக் கந்தம்மாள் வாசலில் நீட்டிப் படுத்திருந்தவரைப் பார்த்து நின்றாள். வெயில் அவர் முழங்கால் வரை வந்திருந்தது. வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"ஏ வள்ளியா, உங்கப்பனா இது? இன்னும் ஊருக்குப் போகலையா?"

வள்ளியாத்தாள் உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவாப் பேசுங்கக்கா. தூங்கறாரு."